ஓவர்கிளாக் செய்த கணினியில் லோடு எண் ஏன் குழப்புகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லடத்தில் எனக்கு ஒரு சின்னக் கணினிக் கடை. வருகிறவர்களில் பாதிப் பேர் திருப்பூர்ப் பக்கம் எம்ப்ராய்டரி பஞ்சிங் (தையல் டிசைனைக் கணினியில் அமைப்பது) போடுகிறவர்களும் கோவையில் கேட்-கேம் (இயந்திரப் பாகங்களைக் கணினியில் வடிவமைப்பது) வேலை பார்க்கிறவர்களும். மீதிப் பேர், கேம் ஆடுவதற்காகப் புராசசரை முறுக்கிவிட்டு வந்து நிற்கும் காலேஜ் தம்பிகள். ஓவர்கிளாக் செய்தால், அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் புராசசரை ஓட்டினால், கட்டாயம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் (முழு வேலை கொடுத்துச் சோதிப்பது) ஓட்டிப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புவேன். ராத்திரி பத்து மணிக்குப் போன் வரும்: "ஏனுங்ணா, லோடு நூறுக்குப் போகவே மாட்டேங்குது." அந்தப் போன்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. லோடு என்றால் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் தெரியும் புராசசர் பயன்பாட்டுச் சதவீதம். விண்டோஸை மனதில் வைத்து எழுதியது. லினக்ஸுக்கு ஒரே ஒரு கேள்வி.

கணக்குக்கு எல்லா இடத்திலும் ரைசன் 5 3600 புராசசரை எடுத்துக்கொள்கிறேன். 6 கோர் (கணக்குப் போடும் அலகு), 12 த்ரெட் (ஒரு கோரில் இரண்டு வேலை வரிசை), அடிப்படை வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ். அதை எல்லாக் கோரிலும் 4.2-க்கு ஏற்றியிருப்பதாக வைத்துக்கொள்வோம்.

லோடு 100 என்றால் புராசசர் முழு பலத்தோடு வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?

சும்மா இருக்கவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். ஒவ்வொரு த்ரெட்டும் எவ்வளவு நேரம் வேலையில்லாமல் கிடந்தது என்று விண்டோஸ் எண்ணுகிறது. மொத்த நேரத்தில் அதைக் கழித்தால் லோடு. வேலை கனமா, லேசா என்பது இந்தக் கணக்கில் வரவே வராது.

கிரைண்டருக்கே புவிசார் குறியீடு வாங்கிய வட்டாரம் நம்முடையது, அதனால் கிரைண்டரையே சொல்கிறேன். ஊறிய உளுந்தைப் போட்டாலும், வெறும் தண்ணீரை ஊற்றினாலும் கல் சுற்றும். அரை மணி நேரம் சுற்றினால் இரண்டுக்கும் "அரை மணி நேரம் ஓடியது" என்றுதான் சொல்வோம். மோட்டார் இழுத்த கரண்ட் மட்டும் வேறு. லோடு சதவீதம் கல் சுற்றியதா என்பதைச் சொல்லும். மாவு எவ்வளவு அரைபட்டது என்று தெரிய வேண்டுமானால் கிளாக் (வேகம்), வாட், ஸ்கோர் மூன்றையும் பார்க்க வேண்டும்.

ரேமிலிருந்து டேட்டா வருவதற்காகப் புராசசர் காத்திருக்கிற நேரம்கூட வேலை நேரமாகவே எண்ணப்படும். அதனால்தான் எல்லாத் த்ரெட்டிலும் ஓடும் ஒரு லேசான வேலையும் பிரைம்95 என்ற ஸ்ட்ரெஸ் டெஸ்ட் புரோகிராமின் ஸ்மால் எஃப்எஃப்டி டெஸ்ட்டும் ஒரே 100-ஐக் காட்டினாலும், ஒன்றில் ஃபேன் சத்தமே வராது, இன்னொன்றில் அறையே சூடாகிவிடும். பிரைம்95 பயன்படுத்தும் ஏவிஎக்ஸ் கட்டளைகள் ஒரே மூச்சில் நிறைய எண்களைப் போட்டு அரைக்கும். உளுந்து அதுதான்.

பிரைம்95 ஓடுகிறது, ஆனால் லோடு சரியாக 50-இல் நிற்கிறது. புராசசர் போய்விட்டதா?

ஒன்றும் ஆகவில்லை. டெஸ்ட்டைத் தொடங்கும்போது வரும் பெட்டியில் எத்தனை கோர், ஹைப்பர்த்ரெடிங் (கோருக்கு இரண்டு த்ரெட்) வேண்டுமா என்று கேட்கும். அந்த டிக் இல்லையென்றால் கோருக்கு ஒரு த்ரெட் மட்டும் ஓடும். 12-இல் 6 த்ரெட், ஆகவே 50. புராசசர் கிட்டத்தட்ட அதே அளவு சூடாவதையும் பார்க்கலாம், ஏனென்றால் ஆறு கோருமே வேலையில்தான் இருக்கின்றன.

இப்படி முழு எண்ணாக, பாதி, கால் என்று நிற்கிற லோடு எல்லாமே த்ரெட் கணக்குதான். 100-ஐ உங்கள் த்ரெட் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள். 12 த்ரெட்டுக்கு ஒரு த்ரெட் 8.33. 8 த்ரெட்டுக்கு 12.5. லோடு 12.5-இலேயே நிற்கிறது என்றால் அந்தப் புரோகிராம் ஒரே ஒரு த்ரெட்டில் ஓடுகிறது. பிரைம்95-இன் ரொம்பப் பழைய வெர்ஷன்கள் அப்படித்தான் இருந்தன. இரண்டு கோர் இருந்தால் இரண்டு காப்பி ஓட்ட வேண்டும். பழைய பென்டிரைவில் இருந்து எடுத்து ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புது வெர்ஷனை இறக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் 100 இருந்தது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் 92. வேறெதுவும் ஆகவில்லை, கணினி ஹேங் ஆகவும் இல்லை. விட்டுவிடலாமா?

விடக்கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

100-இலிருந்து 8.33 போனால் 91.67. டாஸ்க் மேனேஜரின் டீட்டெயில்ஸ் பக்கம் அதை 92 என்று காட்டும். அதாவது ஒரு த்ரெட் அளவு வேலை நின்றுவிட்டது. பிரைம்95 தன் வேலையை வொர்க்கர் என்ற பங்குகளாகப் பிரித்து ஓட்டும்; ஒவ்வொரு வொர்க்கருக்கும் ஒரு சின்ன விண்டோ இருக்கும். ஒன்றில் மட்டும் எழுத்து ஓடாமல் நின்றிருக்கும். கடைசியில் இப்படி ஒரு வரி: "ஃபேட்டல் எரர்: ரவுண்டிங் வாஸ் 0.5, எக்ஸ்பெக்டட் லெஸ் தேன் 0.4." அதற்குக் கீழே "ஹார்டுவேர் ஃபெயிலியர் டிடெக்டட்."

அது என்ன ரவுண்டிங்? பிரைம்95 மெர்சேன் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்ட புரோகிராம். ஜார்ஜ் வோல்ட்மன் 1996-இல் தொடங்கிய கிம்ப்ஸ் என்ற கூட்டு முயற்சிக்கு உரியது. பெரிய எண்களைப் பெருக்குவதற்குத் தசமப் புள்ளிக் கணக்கில் போய், முடிவில் வரும் விடையை முழு எண்ணாக்கும். அந்த விடை ஏற்கெனவே முழு எண்ணுக்கு மிக அருகில் இருக்க வேண்டும். 0.5 தள்ளி இருக்கிறது என்றால் மேலே தள்ளுவதா கீழே தள்ளுவதா என்றே தெரியாது. நடுவில் எங்கோ ஒரு பிட் தப்பாகிவிட்டது. நீண்ட நாள் ஓடும் கணக்கு ஒரு பிட்டால் கெட்டுவிடக்கூடாது என்பதற்காக வைத்த சோதனை அது. ஓவர்கிளாக் செய்கிறவர்களுக்கு அதுவே உரைகல்லாகிவிட்டது.

புராசசர் தப்பாகக் கூட்டியிருக்கிறது, ஆனால் விண்டோஸுக்கு அது தெரியாது. அதனால் ப்ளூ ஸ்க்ரீன் வராது, ஹேங் ஆகாது, மௌஸ் நன்றாக நகரும். இன்றைக்குப் பிரைம்95-இல் வந்த தப்பு நாளைக்கு நீங்கள் சேவ் செய்யும் டிசைன் ஃபைலில் வரலாம்.

வெர்ஷனையும் டிக்கையும் பொறுத்து ஒரு வொர்க்கர் இரண்டு த்ரெட்டில் ஓடினால் 16.7 குறையும். கணக்கு அதேதான். என்ன செய்வது? வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கியை (மல்டிப்ளையர்) ஒரு படி, அல்லது 25 மெகாஹெர்ட்ஸ் படி இருந்தால் அப்படி ஒன்றிரண்டு இறக்குங்கள். வோல்டேஜை ஏற்றியும் சரி செய்யலாம். நான் இறக்கத்தான் சொல்வேன். 4.2-க்கும் 4.15-க்கும் வித்தியாசம் எந்தக் கேமிலும் கண்ணுக்குத் தெரியாது. கூடுதல் வோல்டேஜின் சூடு சித்திரையில் நன்றாகவே தெரியும்.

எனக்கு ஒரு வொர்க்கர் நின்றே போய்விட்டது, ஆனாலும் டாஸ்க் மேனேஜர் 100 என்றே காட்டியது. அது எப்படி?

நல்ல கேள்வி. நானே ஒருமுறை இதில் ஏமாந்தேன். கடையில் டெஸ்ட்டைப் போட்டுவிட்டு, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தை மட்டும் திறந்துவைத்து, இரண்டு மணி நேரம் 100-ஐப் பார்த்துச் "சரிங்க, எடுத்துக்கிட்டுப் போங்க" என்று கொடுத்தனுப்பினேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தது.

விண்டோஸ் 8-இலிருந்து டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் வெறும் நேரக் கணக்கைக் காட்டுவதில்லை. நேரத்தை, அடிப்படை வேகத்தோடு ஒப்பிட்ட வேகத்தால் பெருக்கிக் காட்டுகிறது. இதற்குப் புராசசர் யுட்டிலிட்டி என்று பெயர். அடிப்படை 3.6, ஓடுவது 4.2 என்றால் பெருக்கல் 1.167. எல்லாத் த்ரெட்டும் ஓடும்போது உண்மையில் 116.7 வர வேண்டும். டாஸ்க் மேனேஜர் 100-க்கு மேல் காட்டாது, வெட்டிவிடும்.

இப்போது ஒரு த்ரெட் செத்துவிட்டது. 91.67 பெருக்கல் 1.167, விடை சுமார் 107. அதையும் 100 என்றே வெட்டிக் காட்டும். இரண்டு த்ரெட் போனால்தான் 97 என்று அசையும். அதாவது ஓவர்கிளாக் எவ்வளவு அதிகமோ அவ்வளவு பெரிய குறையை இந்த எண் மூடி மறைக்கும். ஓவர்கிளாக் செய்யாவிட்டாலும், புராசசர் தானாக அடிப்படை வேகத்தைத் தாண்டி ஓடும்போது இதே பிரச்சினை வரலாம்.

பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக் கிராஃபில் ரைட் கிளிக் செய்து லாஜிகல் புராசசர் வாரியாகக் காட்டச் சொல்லுங்கள். 12 கட்டம் வரும். செத்த த்ரெட்டின் கட்டம் தரையில் கிடக்கும். டீட்டெயில்ஸ் பக்கம் பழைய நேரக் கணக்கையே காட்டுகிறது என்பதால் அங்கேயும் 92 தெரியும். இரண்டு பக்கமும் வேறு வேறு எண் காட்டுகிறதே என்று பலர் கேட்பதற்கும் பதில் இதுதான். 2025-இல் விண்டோஸ் 11-க்கு வந்த அப்டேட்களில் மைக்ரோசாஃப்ட் எல்லாப் பக்கத்தையும் நேரக் கணக்குக்கே மாற்றத் தொடங்கியது. பழைய எண் வேண்டுமானால் டீட்டெயில்ஸில் தனி காலமாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே உங்கள் நண்பர் கணினியில் பார்த்த எண்ணும் உங்கள் எண்ணும் ஒரே அளவுகோலில் இல்லாமல் இருக்கலாம்.

பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் 75 என்று காட்டுகிறது. எல்லா வொர்க்கரும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அப்படியானால் வேகம் இறங்கியிருக்கிறது. 3.6 இருக்க வேண்டிய இடத்தில் 2.7-இல் ஓடினால், நேரக் கணக்கில் 100 இருந்தாலும் பெருக்கலுக்குப் பிறகு 75. அதே பக்கத்தில் கீழே ஸ்பீடு என்று இருப்பதைப் பாருங்கள். பெரும்பாலும் சூடுதான் காரணம். 3600-க்கு உச்ச வரம்பு 95 டிகிரி. பல இன்டெல் டெஸ்க்டாப் புராசசர்களுக்கு 100. வரம்பைத் தொட்டதும் புராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எச்டபிள்யூஇன்ஃபோ புரோகிராமில் தெர்மல் த்ராட்லிங் என்ற வரியில் 'யெஸ்' என்று வந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

போன பங்குனியில் ஒரு பனியன் கம்பெனியிலிருந்து ஒரு கணினி வந்தது. டிசைனர் தம்பி "லோடே ஏற மாட்டேங்குதுங்ணா, புராசசர் டூப்ளிகேட்டுங்களா?" என்று கேட்டான். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். ஹீட்சிங்க் ஃபேனைத் திருகி எடுத்தால், ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே ஒரு துணி. சத்தியமாகத் துணி என்றே நினைத்தேன். நிட்டிங் மெஷினிலிருந்து பறக்கும் பஞ்சு ஃபேன் இழுத்த இழுப்பில் அடுக்கடுக்காகப் படிந்து, ஒரு ரூபாய் நாணயக் கனத்துக்குக் கம்பளிபோல இறுகியிருந்தது. ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் முழுசாக உரிந்து வந்துவிட்டது. ஃபேன் முழு வேகத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தது, காற்றுதான் உள்ளே போகவில்லை. உரித்து, பேஸ்ட் மாற்றி ஓட்டினால் 95-இல் முட்டிக்கொண்டிருந்தது 78-க்கு வந்தது.

திருப்பூர், சோமனூர், பள்ளிபாளையம் என்று தறியும் நிட்டிங்கும் ஓடும் இடங்களில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை ஊதிவிடுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

மார்கழியில் டெஸ்ட் பாஸ் ஆனது. சித்திரையில் ஃபெயில். செட்டிங் எதையும் தொடவில்லை.

அறைச் சூடு பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறினால் புராசசர் சூடும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வரும் பொள்ளாச்சியில் பாஸ் ஆகிற செட்டிங் கரூரிலோ ஈரோட்டிலோ வெயில் காலத்தில் பாஸ் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டெஸ்ட்டைச் சித்திரை மதியம் இரண்டு மணிக்கு ஓட்டுங்கள். ஆடிக் காற்று வீசும் மாலையில் வந்த ரிசல்ட்டை நம்பவே வேண்டாம்.

சூடு 68 டிகிரிதான். ஆனாலும் தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் வேகம் இறங்குகிறது.

இது வாட் வரம்பு. இன்டெல் புராசசர்களுக்கு நீண்ட நேர வரம்பு, குறுகிய நேர வரம்பு என்று இரண்டு உண்டு. ஐ5-12400-ஐ எடுத்துக்கொண்டால் 65 வாட், 117 வாட். முதல் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ 117 வரை போகும், பிறகு 65-க்கு அடக்கிவிடும். லோடு நேரக் கணக்கில் 100-ஆகவே இருக்கும். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் மதர்போர்டு செட்டிங்) அந்த வரம்புகளை மாற்றலாம், மதர்போர்டின் மின்சுற்றுக்கு அந்த அளவு தெம்பு இருந்தால். விலை குறைந்த போர்டுகளில் அந்தப் பகுதிக்கு ஹீட்சிங்க்கூட இருக்காது, கை வைக்காதீர்கள்.

ஏவிஎக்ஸ் ஆஃப்செட் என்று ஒன்றும் இருக்கிறது. அது 2 என்று வைத்திருந்தால், ஏவிஎக்ஸ் கட்டளை வந்ததும் 4.8 தானாக 4.6 ஆகிவிடும். நீங்களே வைத்துவிட்டு மறந்திருப்பீர்கள்.

லோடு ரம்பப் பல் மாதிரி ஏறி ஏறி இறங்குகிறது.

எந்த டெஸ்ட் என்பதைப் பொறுத்தது. லின்பேக் வகை டெஸ்ட்கள் ஒரு கணக்கு முடிந்து அடுத்ததைத் தயார் செய்யும்போது லோடை விட்டுவிடும், அது இயல்பு. படம் வரைய வைத்து ஸ்கோர் கொடுக்கும் சினிபெஞ்ச் ஒரு படத்தை முடித்து மறுபடி தொடங்கும்போதும் ஒரு பள்ளம் வரும். பிரைம்95 சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவை மாற்றும்போது ஒரு துடிப்பு தெரியும்.

ரேமையும் சேர்த்துச் சோதிக்கும் பிரைம்95-இன் பிளெண்ட் டெஸ்ட்டில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். எவ்வளவு ரேம் எடுத்துக்கொள்ளலாம் என்று அது கேட்கும். 16 ஜிபி இருக்கிறதே என்று 16-ஐயும் எழுதிக் கொடுத்துவிட்டால், விண்டோஸ் இடமில்லாமல் டிஸ்க்கில் இறக்கி ஏற்ற ஆரம்பிக்கும். புராசசர் டிஸ்க்குக்காகக் காத்துக்கிடக்கும், லோடு 30-க்கும் 90-க்கும் நடுவே தள்ளாடும். ரேமுக்காகக் காத்திருந்தால் வேலை நேரம், டிஸ்க்குக்காகக் காத்திருந்தால் சும்மா இருந்த நேரம்; விண்டோஸ் எண்ணுகிற விதம் அப்படி. 16-இல் 12 அல்லது 13 கொடுங்கள், போதும்.

லோடு 100, வேகம் சரி, சூடும் குறைவு. ஆனால் சினிபெஞ்ச் ஸ்கோர் பாதிகூட வரவில்லை.

பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் கோர், லாஜிகல் புராசசர் என்ற இரண்டு எண்ணையும் முதலில் பாருங்கள். 6, 12 இருக்க வேண்டிய இடத்தில் 2, 4 என்று இருந்தால் விஷயம் முடிந்தது. உடுமலையிலிருந்து வந்த ஒரு தம்பி "வேகம் கூட்டும் ரகசியம்" என்று எங்கோ பார்த்து, எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் செட்டிங் விண்டோவில் பூட் பக்கத்து அட்வான்ஸ்ட் ஆப்ஷனில் புராசசர் எண்ணிக்கையை டிக் செய்து 4 என்று வைத்திருந்தான். அந்த டிக் கோரைக் கூட்டாது, 4 த்ரெட்டோடு நிறுத்திக்கொள் என்று சொல்லும். இருக்கிற 4-உம் முழுசாக ஓடுவதால் லோடு 100. டிக்கை எடுத்து ரீஸ்டார்ட் செய்தால் சரி. டிக் இல்லாமலே விண்டோஸ் எல்லாக் கோரையும் எடுத்துக்கொள்ளும்.

கோர் எண்ணிக்கையும் சரியாக இருந்து ஸ்கோர் குறைந்தால், அதுவும் ரைசனில் வோல்டேஜைக் குறைத்து வைத்திருந்தால், கிளாக் ஸ்ட்ரெச்சிங்காக இருக்கலாம். வோல்டேஜ் பற்றாதபோது புராசசர் துடிப்புகளை இழுத்து நீட்டிக்கொள்ளும். வெளியே 4.2 என்றே சொல்லும், உள்ளே நடக்கிறது 3.9. எச்டபிள்யூஇன்ஃபோவில் எஃபெக்டிவ் கிளாக் என்ற வரி உண்மையைச் சொல்லும். முழு லோடில் இரண்டு எண்ணும் ஒட்டி நிற்க வேண்டும். சும்மா இருக்கும்போது எஃபெக்டிவ் கிளாக் சில பத்து மெகாஹெர்ட்ஸ்தான் காட்டும். தூங்குகிற கோருக்கு அது சரியான எண்தான்.

டெஸ்ட் விண்டோவை மினிமைஸ் செய்தால் லோடு இறங்கிவிடுகிறது.

இன்டெல்லின் 12-ஆம் தலைமுறையிலிருந்து பல மாடல்களில் பெரிய கோர், சின்னக் கோர் என்று இரண்டு வகை. ஐ5-12600கே-யில் பெரியது 6, சின்னது 4, மொத்தம் 16 த்ரெட். பின்னால் தள்ளப்பட்ட, முன்னுரிமை குறைந்த வேலையைச் சின்னக் கோர்களுக்கு அனுப்புவது விண்டோஸின் பழக்கம். பிரைம்95 தன் முன்னுரிமையைத் தானே குறைத்து வைத்துக்கொள்ளும். விண்டோவை முன்னாலேயே விட்டுவையுங்கள், பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள்.

டெஸ்ட் தொடங்கும் முன்பே 20 சதவீதம் லோடு இருக்கிறது.

ஆன்ட்டிவைரஸ் ஸ்கேனாகவோ விண்டோஸ் அப்டேட்டாகவோ இருக்கும், பத்து நிமிடம் பொறுங்கள். சிஸ்டம் இன்டரப்ட்ஸ் என்ற பெயரில் இருந்தால் ஏதோ ஒரு டிரைவரோ, யூஎஸ்பியில் செருகியதோ தொந்தரவு செய்கிறது. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். சும்மா கிடக்கும்போதே இந்த நிலை என்றால் ஓவர்கிளாக் டெஸ்ட்டை ஒத்திப்போடுங்கள்.

64 கோர் த்ரெட்ரிப்பர் புராசசரில் பாதி லோடுதான் வருகிறது.

எங்கள் கடைக்கு இப்படி ஒன்று வந்ததே இல்லை, போனில் கேட்டார்கள். விண்டோஸ் 64 த்ரெட்டுக்கு மேல் இருந்தால் குழுக்களாகப் பிரிக்கும். விண்டோஸ் 10 வரை ஒரு புரோகிராம், தனியாகச் சொல்லி எழுதப்படாவிட்டால், ஒரு குழுவுக்குள்தான் ஓடும். 128 த்ரெட்டில் 64, ஆகவே 50. விண்டோஸ் 11-இல் இந்தக் கட்டு தளர்ந்துவிட்டது.

லினக்ஸில் டாப் கட்டளை 1200 சதவீதம் காட்டுகிறது!

அங்கே ஒரு த்ரெட்டுக்கு 100. 12 த்ரெட்டுக்கு 1200, எல்லாம் சரியாக இருக்கிறது. 1 என்ற விசையை அழுத்தினால் த்ரெட் வாரியாகப் பிரித்துக் காட்டும். லோடு ஆவரேஜ் என்று மேலே வரும் எண் சதவீதமே கிடையாது. ஓடுகிற, வரிசையில் நிற்கிற வேலைகளின் சராசரி எண்ணிக்கை, டிஸ்க்குக்காகக் காத்திருப்பவையும் அதில் சேர்த்தி.

லோடு 100-இல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கணினி பட்டென்று அணைந்துவிட்டது. ப்ளூ ஸ்க்ரீன்கூட இல்லை.

புராசசரைத் திட்டும் முன் யூபிஎஸ்ஸைப் பாருங்கள். கடைகளில் கிடைக்கும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவுதான் தாங்கும். ஓவர்கிளாக் செய்த புராசசர், கிராஃபிக்ஸ் கார்டு, மானிட்டர் மூன்றையும் அதில் மாட்டி, இரண்டு டெஸ்ட்டையும் ஒன்றாக ஓட்டினால் அது என்னதான் செய்யும்? தறி ஓடும் ஊர்களில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்குவது எல்லோருக்கும் தெரியும். பழைய மலிவு எஸ்எம்பிஎஸ்கள் (கணினியின் பவர் சப்ளை) அதைத் தாங்காது. யூபிஎஸ்ஸைக் கழற்றி, ஸ்டெபிலைசர் வழியாக நேராகக் கொடுத்து, புராசசர் டெஸ்ட்டை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அப்போது அணையவில்லை என்றால் ஓவர்கிளாக் மேல் பழி இல்லை.

விண்டோஸின் குறிப்பேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று பதிவாகியிருக்கும். கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்லாது. அதை வைத்து எஸ்எம்பிஎஸ் வாங்கச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். பக்கத்திலேயே வியா-லாகர் 18 அல்லது 19 இருக்கிறதா என்று தேடுங்கள். 19 என்றால் புராசசரே கண்டுபிடித்துத் திருத்திக்கொண்ட தப்பு, 18 என்றால் திருத்த முடியாமல் போனது. ஓவர்கிளாக் செய்த கணினியில் இரண்டுமே 'இறக்கிக்கொள்' என்கிற சேதிதான்.

12 மணி நேரம் 100 லோடில் பாஸ். கேம் ஆடினால் மட்டும் க்ராஷ் ஆகிறது.

முழு லோடில் எல்லாக் கோரும் கொஞ்சம் அடங்கிய வேகத்தில் ஓடும். கேமில் ஒன்றிரண்டு கோர் மட்டும் உச்சத்துக்குத் தாவும், அடுத்த நொடி தூங்கும், மறுபடி தாவும். அந்தத் தாவலில் வோல்டேஜ் பற்றாமல் விழுகிறது. ரைசனில் கர்வ் ஆப்டிமைசர் (கோர் வாரியாக வோல்டேஜைக் குறைக்கும் செட்டிங்) போட்டவர்களுக்கு இது அதிகம். அதற்கு ஒவ்வொரு கோராகத் தனித்தனியே ஓட்டும் கோர்சைக்ளர் சரியான டெஸ்ட். அது ஓடும்போது மொத்த லோடு 8 என்றுதான் காட்டும், பதற வேண்டாம்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையின் மேல்மட்ட மாடல் வைத்திருந்து, ஓவர்கிளாக்கே செய்யாமல் இப்படி விழுந்தால், முதலில் பயாஸை அப்டேட் செய்யுங்கள். அளவுக்கு மீறிய வோல்டேஜ் கேட்டதால் அந்தப் புராசசர்கள் தேய்ந்தன என்று இன்டெல்லே 2024-இல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோட் (புராசசருக்குள்ளேயே ஓடும் நிரல்) திருத்தம் கொடுத்தது. பெட்டியில் வாங்கியதற்கு வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. தேய்ந்ததை அப்டேட் மீட்டுத் தராது, மாற்றித்தான் வாங்க வேண்டும்.

எவ்வளவு நேரம் ஓட்டினால் போதும்?

கேம் மட்டும் ஆடுகிறவர் என்றால் ஸ்மால் எஃப்எஃப்டி ஒரு மணி, பிளெண்ட் ஓர் இரவு. முடிந்ததும் லோடு எண்ணைப் பார்க்காமல் ஒவ்வொரு வொர்க்கர் விண்டோவின் கடைசி வரியைப் படியுங்கள். பிரைம்95 இருக்கும் ஃபோல்டரில் ரிசல்ட்ஸ் என்ற டெக்ஸ்ட் ஃபைலும் கிடக்கும்.

பஞ்சிங், கேட்-கேம் வேலைக்காரர்கள் கேட்டால், "ஓவர்கிளாக்கே வேண்டாமுங்க" என்றுதான் சொல்கிறேன். மேலே சொன்னேனே, மூன்றாம் நாள் திரும்பி வந்த கணினி. அது எம்ப்ராய்டரி போடும் ஒரு அக்காவுடையது. கணினி ஒருமுறைகூட அணையவில்லை, ஹேங் ஆகவில்லை. ஒரு மயில் டிசைனை சேவ் செய்து மெஷினுக்குக் கொடுத்திருக்கிறார். தோகையில் ஒரு கண் மட்டும் கழுத்தில் போய்த் தைத்திருக்கிறது. துணியைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்து, "இது நீங்க பண்ணுனதுங்களா, மெஷின் பண்ணுனதுங்களா தம்பி?" என்று கேட்டார். பிரைம்95-ஐ ஓட்டினேன். பதினோராவது வொர்க்கர் நாற்பது நிமிடத்தில் நின்றது. பெர்ஃபார்மன்ஸ் பக்கம் அப்போதும் 100 காட்டிக்கொண்டிருந்தது. பயாஸில் எல்லாவற்றையும் பழையபடி 3.6-க்கு வைத்து, அந்தத் துணிக்கும் காசு கொடுத்தேன்.